உறுதி என்ற கட்டம்

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு ஒவ்வொரு ரத்தக் குழாயோடும் ஒரு படிவம் வரும். அதில் ஏழாவது கேள்வி 'நோய் நிலை'. எதிரே இரண்டு கட்டங்கள்: ஒன்று சந்தேகம், மற்றது உறுதி. அக்காவின் படிவத்தில் மருத்துவர் நோயின் பெயரை எழுதிவிட்டு அந்தக் கட்டங்களை வெறுமனே விட்டிருந்தார். நான் 'உறுதி'யில் டிக் அடித்தேன். யோசிக்கக்கூட இல்லை. இருபத்தாறு வருடங்களாக எங்கள் வீட்டில் அதைவிட உறுதியாக எதுவும் இருந்ததில்லை.

இதில் இரண்டு தப்பு. கட்டம் காலியாக இருந்தால் மருத்துவரின் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. சொந்தக்காரர்களின் குழாய் வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஒவ்வொரு எழுத்தையும் விசைப்பலகையில் தேடிக் கண்டுபிடித்துத் தட்டுகிறவர். அக்காவுக்கு அவசரம் இருந்தது.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. உயிரியல் பட்டப்படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவனுக்கு என்ன கிடைக்குமோ அது. இரவு ஷிஃப்ட். குழாயில் பார்கோடு ஒட்டி, படிவத்தில் இருப்பதைக் கணினியில் ஏற்றி, குழாயைத் தட்டில் நிறுத்தி உள்ளே அனுப்ப வேண்டும். உள்ளே அதிலிருந்து மரபணுக்களை எடுத்து எழுத்து எழுத்தாகப் படிப்பார்கள். எட்டு வருடமாக இதைச் செய்கிறேன்.

எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் உடம்பு பரிசோதனைக்கு வந்த ஒரு மருத்துவர் என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகிலும் இடுப்பிலும் பால் கலந்த காபி நிறத்தில் திட்டுகள். எண்ணினார். பதினொன்று. அக்காவைக் கூப்பிட்டு எண்ணினார். பதினாலு. கையைத் தூக்கச் சொல்லி அக்குளைப் பார்த்தார்; அங்கே பொடிப்பொடியாகப் புள்ளிகள். அம்மாவை வரவழைத்து உட்காரவைத்துச் சொன்னார். இது மரபணுக் கோளாறு. என்.எஃப்.ஒன் என்று ஒரு மரபணு. போகப் போக நரம்புகளின் மேல் கட்டிகள் வரும். தோலில் வரலாம், கண்ணுக்குப் பின்னால் வரலாம், மூளையில் வரலாம். இவர்களுக்குப் பிள்ளை பிறந்தால் பாதிக்குப் பாதி அதற்கும் வரும்.

அம்மா அழவில்லை. வரும் வழியில் ஒரு நீள நோட்டு வாங்கிவந்தாள். அதில் ஸ்கேல் வைத்து நாலு பத்தி போட்டாள்: தேதி, உயரம், திட்டு, கட்டி. ஒவ்வொரு வருடமும் பெரிய லீவு விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்கு எதிரே எங்களை நிறுத்தி எண்ணுவாள். எண்ணி முடித்த பிறகு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை விரலால் அழுத்தித் தடவுவாள். நாங்கள் கூச்சம் தாங்காமல் நெளிவோம். முதுகில் ஒரு அடி விழும். நாலாவது பத்தியில் அவள் எழுதுவது எப்போதும் ஒன்றேதான்: 'இன்னும் இல்லை'.

அம்மா ஏழு வருடங்களுக்கு முன் இதயம் நின்று செத்துப்போனாள். அவளுக்குத் திட்டும் இல்லை, கட்டியும் இல்லை. அதற்குப் பிறகு நோட்டை அக்கா வைத்துக்கொண்டாள்.

நான் படிப்பை விட்டதற்கும் இதுதான் காரணம். தேர்வு அறையில் தலைவலி வந்தது. நாலு நாள் விடவில்லை. வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்க்கும் அக்கா, "உனக்குக் கண்ணு தெரியலடா, கழுதை" என்று ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டாள். தலைவலி போயிற்று. ஆனாலும் நான் திரும்பப் போகவில்லை. எப்படியும் வரப்போகிறது, வருவதற்கு முன் எதற்குப் படிப்பு என்று இருந்துவிட்டேன்.

அக்கா விஷயம் வேறு. அவள் கல்யாணம் செய்துகொண்டாள். மாமா லிஃப்ட் மெக்கானிக். திட்டுகளைப் பற்றி முன்பே சொல்லிவிட்டாள். அவர், "நானும் கிரீஸ் திட்டோடதான் வீட்டுக்கு வருவேன்" என்றார். ஆறு வருடங்களுக்கு முன் அவள் உண்டானாள். வீட்டில் காலியாக இருந்த சின்ன அறைக்கு மாமா இளம்பச்சை பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார். ஒரு சுவர் முடிந்தது. பிறகு ஒரு மருத்துவர் அந்தப் பாதிக்குப் பாதியை மறுபடி எடுத்துச் சொன்னார். பத்தாவது வாரத்தில் அக்கா கலைத்துவிட்டாள். என்னிடம் போனில் சொன்னது "முடிஞ்சிடுச்சு" என்ற ஒரு வார்த்தைதான். அந்த அறையில் கடையின் பழைய லென்ஸ் டப்பாக்களைக் கொண்டுவந்து அடுக்கினாள். பச்சைச் சுவர் முதலில் மறைந்தது.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. எதிர்பாராமல் மறுபடி உண்டாகியிருந்தாள். இந்த முறை வேறு மருத்துவர். உங்களிடம் இருக்கும் மரபணு மாற்றம் எது என்று முதலில் கண்டுபிடிப்போம், அது தெரிந்தால் குழந்தைக்கும் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார். எட்டாவது வாரத்தில் எடுத்த ரத்தம் என் மேசைக்கு வந்தது. பதினோராவது வாரத்தில் அறிக்கை போயிற்று. 'கேட்கப்பட்ட மரபணுவில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை.'

அக்கா ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டாளாம். ஒரே ஒரு நிமிடம். மருத்துவர் விளக்கினார்: சில மாற்றங்கள் இந்தச் சோதனையில் மாட்டாமல் நழுவிவிடும். நோய் உடம்பிலேயே தெரிகிறது, உறுதி என்றும் போட்டிருக்கிறது. மாற்றம் எது என்று தெரியாததால் குழந்தையைச் சோதிக்க வழி இல்லை. பாதிக்குப் பாதிதான். முடிவு உங்களுடையது.

அக்கா முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்று நேரம் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே கமா மேடம் வந்து உட்கார்ந்தார். மரபணு அறிக்கைகளில் கடைசிக் கையெழுத்து அவருடையது. ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் கையெழுத்துப் போடமாட்டார். பெயர் அப்படி வந்தது. அவருக்கும் தெரியும், கோபமில்லை.

"உங்க பதிவு ஆளுங்களுக்குப் பேனா கையில எடுத்தா அரிக்குமாப்பா?" என்றார். "எல்லாத்துக்கும் 'உறுதி'ன்னு குத்தி அனுப்பறீங்க."

"டாக்டர் போடறத நாங்க ஏத்தறோம், மேடம்."

"போடாததையும் ஏத்தறீங்க. 'உறுதி'ன்னு வந்தா மெஷின் என்ன பண்ணும் தெரியுமா உனக்கு? பேர் எழுதின அந்த ஒரே மரபணுவைத்தான் எனக்குக் காட்டும். 'சந்தேகம்'னு வந்தா அதே மாதிரி தெரியற பன்னெண்டு மரபணுவையும் காட்டும். எல்லாத்தையும் படிச்சுதான் வச்சிருக்கு. ஆனா பதினோரு கதவைப் பூட்டிட்டு ஒண்ணை மட்டும் திறந்துவிடும். நான் உள்ள போய், இங்க ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டு வருவேன். பக்கத்து ரூம்ல திருடன் கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருப்பான்."

எனக்கு இது தெரியாது. எட்டு வருடம் அந்தக் கட்டத்தில் டிக் அடித்திருக்கிறேன், அது எதைத் திறக்கும் எதைப் பூட்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"மேடம், உடம்பெல்லாம் காபி நிறத் திட்டு, அக்குள்ல புள்ளி. என்.எஃப்.ஒன் இல்லன்னா வேற என்னவா இருக்கும்?"

"கட்டி இருக்கா?"

"யாருக்கு?"

"நீ யாருக்குக் கேக்கறியோ அவங்களுக்கு."

"இல்ல."

"வயசு?"

"முப்பத்தெட்டு. தம்பிக்கு முப்பத்துநாலு. அப்பாவுக்கு அறுபத்தேழு, அவருக்கும் இதே திட்டு."

கமா மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். "அறுபத்தேழு வயசுல திட்டு இருக்கு, ஒரு கட்டிகூட இல்லையா? நல்லாத் தடவிப் பாத்தாங்களா?"

நோட்டைப் பற்றிச் சொன்னேன். இருபத்தாறு வருடம், வருடத்துக்கு இரண்டு வரி, எல்லாவற்றிலும் 'இன்னும் இல்லை'.

"அந்த அம்மா எங்க லேபைவிட ஒழுங்கா வேலை பாத்திருக்காங்க" என்றார். "ஆனா அவங்க எழுதினதை அவங்களே நம்பல."

பிறகு மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். செல்லுக்கு வெளியிலிருந்து 'வளர்' என்று ஒரு சேதி வருகிறது. கைமாறிக் கைமாறி உள்ளே போகிறது. போதும் என்று நிறுத்துவது ஒரு புரதம்; அதைச் செய்யத் தெரிந்த மரபணுதான் என்.எஃப்.ஒன். ஆனால் அந்தப் புரதம் தானாக வந்து நிற்காது. சேதி போகும் இடத்துக்கு அதைக் கூட்டிவர இன்னொரு புரதம் வேண்டும். அதைச் செய்யும் மரபணுவின் பெயர் ஸ்பிரெட்-ஒன். முதல் மரபணு கெட்டால் திட்டும் வரும், கட்டியும் வரும். இரண்டாவது கெட்டால் திட்டு வரும், புள்ளி வரும். கட்டி வராது.

"வராதுன்னா?"

"வராதுன்னா வராது. இந்த நோயால வராது."

"மேடம், அந்தக் கதவைத் திறந்து பாருங்க. ஒரு நிமிஷ வேலை."

"யாரோட குழாய்?"

சொன்னேன். பதிவு செய்தது யார், கட்டத்தில் டிக் அடித்தது யார் என்பதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திருத்தின படிவம் வேணும். உங்க அக்கா கையெழுத்து, டாக்டர் கையெழுத்து, ரெண்டும். கேக்காத மரபணுவைப் பாத்தா அது வேலை இல்ல, அடுத்தவன் வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கறது. அப்புறம் நீ உன் மேலாளர்கிட்டப் போய் இதையே சொல்லிடு. நான் சொல்றதுக்கு முன்னாடி."

மேலாளரிடம் சொன்னேன். அவர், "உனக்குப் பக்கத்து மேசை எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். நாலடி என்றேன். மூன்று மாதம் பதிவு மேசைக்கு வரக்கூடாது, குளிர் அறையில் பழைய குழாய்களின் லேபிளைச் சுரண்டு என்றார். வேலை போகவில்லை. அதற்கு அவருக்கு நன்றி.

அங்கிருந்து நேராக அக்காவின் கடைக்குப் போனேன். முன்பக்கம் கண்ணாடிகள் அடுக்கிய அலமாரிகள்; பின்பக்கம் ஒரு கட்டில் போடும் அளவு அறை. அதில்தான் அவளும் அவளுடைய மெஷினும். சுழலும் கல்லின் மேல் தண்ணீர் வழிய ஒரு லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"என்னடா, தூங்காம இங்க வந்து நிக்கற?"

"வெள்ளிக்கிழமை போகாத."

"என்ன?"

"வெள்ளிக்கிழமை வேண்டாம். ஒரு வாரம் தள்ளிப்போடு. ரிப்போர்ட் தப்பா இருக்கலாம்."

"தப்பா, தப்பா இருக்கலாமா?"

"ரிப்போர்ட் சரி. அதுகிட்டக் கேட்ட கேள்வி தப்பு."

மெஷினை நிறுத்தினாள். கல் நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ டிக் அடிச்சியா?"

"ஆமா."

"யாரையும் கேக்காம?"

"உன்கிட்டக் கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

ஈரமான லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் சிதறியிருந்தது. குப்பைக்கூடையில் போட்டாள்.

"கேட்டுக்கோ" என்றாள். "ஒரு வாரம் தள்ளிப்போட்டா ஒரு வாரம் அது வளரும். ஏற்கெனவே பத்து வாரத்துல ஒண்ணை விட்டிருக்கேன். இது பதினொண்ணு. பன்னெண்டுல போய்ப் படுன்னு சொல்றியா? இருக்கலாம், இருக்கலாம்னே என் பாதி ஆயுசு போச்சு. வெள்ளி பத்து மணி. அதுக்குள்ள உன் மெஷின் வாயைத் திறந்தா திறக்கட்டும்."

"அக்கா..."

"எங்க கையெழுத்து?"

லென்ஸில் குறி போடும் பேனாவாலேயே போட்டாள். பேனாவை வைக்கும்போது, "அப்பாவைத் தடவிப் பாத்தது யாரு?" என்றாள்.

நான் விழித்தேன். யாரும் பார்த்ததில்லை. நோட்டில் எங்கள் இருவரின் வரிதான் உண்டு.

அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அவருடைய முதுகிலும் தொடையிலும் அதே நிறத்தில் திட்டுகள் உண்டு. ரேடியேட்டர் வெந்நீர் பட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். பள்ளிக்கூட மருத்துவர், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டபோது அம்மா இல்லை என்றாள். நாங்கள் வளர்ந்த பிறகு வெந்நீர் அத்தனை வட்டமாகச் சிந்தாது என்று புரிந்துகொண்டோம். அதற்குள் அம்மாவுக்குக் கோபப்படும் தெம்பு போயிருந்தது.

புதன்கிழமை காலை மருத்துவமனைக்குப் போய் மருத்துவரின் கையெழுத்தை வாங்கினேன். ஏழாவது கேள்வியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போட்டார். படிவத்தைக் கமா மேடத்திடம் கொடுத்துவிட்டு அப்பாவிடம் போனேன். பனியனோடு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பனியனைக் கழட்டுங்க."

"எதுக்குடா? குளிச்சாச்சு."

"கழட்டுங்க, சொல்றேன்."

கழற்றினார். அம்மா செய்வதுபோல் கழுத்திலிருந்து ஆரம்பித்து அழுத்திக்கொண்டு வந்தேன். அறுபத்தேழு வயது முதுகு. சதை தளர்ந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"என்னடா இது, மாட்டுச் சந்தையில புடிச்சுப் பாக்கற மாதிரி. பல்லையும் காட்டணுமா?"

"கட்டி ஏதாவது வந்திருக்காப்பா? எப்பவாவது?"

"வந்துச்சு."

என் கை நின்றது.

"எங்க?"

"பின்பக்கம். வேனல் கட்டி. பழுத்து உடைஞ்சு போச்சு. உங்கம்மா மஞ்சள் வச்சா."

"எப்போ?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி." செய்தித்தாளை மடித்தார். குரலில் விளையாட்டு போய்விட்டது. "என்கிட்டேர்ந்துதான வந்துச்சு? அது எனக்கு அப்பவே தெரியும்டா. உங்கம்மாகிட்டச் சொல்ல வாய் வரல. டாக்டர் அப்படிச் சொன்னதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? நான் குடுத்தேன்னா?"

"அப்பவே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"எப்படி?"

அதை அவருக்கு விளக்க எனக்கு மனம் வரவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் கட்டியே இல்லாமல் பஸ் ஓட்டுகிறார் என்று யாராவது அந்த மருத்துவரிடம் சொல்லியிருந்தால், அவர் ஒருமுறையாவது தலையைச் சொறிந்திருப்பார். அல்லது மாட்டார். பனியனை எடுத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை கமா மேடத்தைப் படியில் பார்த்தேன். அவர் கையில் கோப்பு. "மேடம்" என்றேன். "உன்கிட்டச் சொல்ல முடியாது" என்றார். "டாக்டருக்குத்தான் போகும். நாளைக்குக் காலையில." முகத்தில் எதுவும் இல்லை. நான் பார்த்தவர்களில் முகத்துக்கு அறிக்கை எழுதும் மொழியையே பழக்கி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு மருத்துவமனையின் இரண்டாவது மாடி நடையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா மாற்று உடை வைத்த பையை மடியில் வைத்திருந்தாள். சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்ததால் சாப்பிடவில்லை. மாமா லிஃப்டின் கதவு மூடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த லிஃப்ட் சரியில்ல மாப்ள" என்றார் என்னிடம். "தளத்துக்கு ஒரு அங்குலம் கீழ நிக்குது."

"இப்ப அதுவா முக்கியம்?" என்றாள் அக்கா.

"வேற எதைப் பத்திப் பேசறது?"

பத்து மணிக்கு ஒரு செவிலியர் வந்து அக்காவின் கையில் பட்டை கட்டினார். அக்கா எழுந்தாள். நானும் எழுந்தேன். மாமா எழுந்திருக்கவில்லை. அந்தச் செவிலியர், "அந்தப் பக்கம் இல்லம்மா, முதல்ல டாக்டர் ரூமுக்கு வரச் சொன்னாங்க. மூணு பேரும்" என்றார்.

மருத்துவர் அறிக்கையைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். நான் அதன் மேல் கமா மேடத்தின் கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு ஸ்பிரெட்-ஒன் என்ற பெயரை. ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்த எழுத்தால் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. முன்பே வேறு குடும்பங்களில் பார்த்த மாற்றம்.

"அடுத்த வாரம் இன்னொரு முறையில சரிபார்ப்பாங்க" என்றார் மருத்துவர். "ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல. உங்களுக்கு என்.எஃப்.ஒன் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. உங்களுக்கு இருக்கறது வேற. திட்டு இருக்கும். தலை கொஞ்சம் பெருசா இருக்கலாம். சில பிள்ளைங்களுக்குப் படிப்புல கவனம் கொஞ்சம் சிதறும். கட்டி வராது."

"குழந்தைக்கு?" என்றாள் அக்கா.

"பாதிக்குப் பாதி. அது மாறல. ஆனா வந்தா வர்றது திட்டு."

மாமாதான் பேசினார். அவருக்குப் புரியாததை அவர் லிஃப்டுக்குள் ஏற்றித்தான் பார்ப்பார்.

"டாக்டர், எனக்குப் புரியற மாதிரி கேக்கறேன். பிரேக் நல்லா இருக்கு. பிரேக்கை இழுக்கற கம்பி ரெண்டுல ஒண்ணு அறுந்திருக்கு. அப்படித்தான?"

"கிட்டத்தட்ட."

"அப்ப லிஃப்ட் விழாது. கொஞ்சம் குலுங்கும்."

"தோல்ல மட்டும் குலுங்கும்" என்றார் மருத்துவர்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள்கள் ஆடின. அக்கா அவரைப் பார்க்கவில்லை. அறிக்கையை விரலால் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்த லென்ஸில் கீறல் தேடும் பார்வை.

"இந்த மரபணு எப்போ தெரிஞ்சுது?" என்றாள்.

"உங்களுக்கு முதல்ல சொன்னாங்களே, அப்போ யாருக்கும் தெரியாது. அந்த டாக்டர் மேல தப்பு இல்ல. உங்களுக்கு இருபது வயசு இருக்கும்போது கண்டுபிடிச்சாங்க."

"அப்போ ஆறு வருஷத்துக்கு முன்னாடி தெரியும்."

"தெரியும். கேட்டிருந்தா பாத்திருக்கலாம்."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி நீ எங்கடா வேலை பாத்த?"

அவளுக்குத் தெரியாதா? "அங்கதான்."

"எந்த மேசை?"

"அதே மேசை."

தலையை ஆட்டினாள். கூட்டல் சரியாக வந்ததுபோல் ஒரு ஆட்டல். கையில் கட்டிய பட்டையைப் பல்லால் கடித்து அறுத்து மேசையில் வைத்தாள். "பசிக்குது" என்றாள் மாமாவிடம்.

கீழே வரவேற்பு மேசையில் இருந்த பெண், "வேற தேதி போடட்டுமா?" என்று கேட்டார். "தேதி வேண்டாம். பேரை அடிச்சிடுங்க" என்றாள் அக்கா. பிறகு, "நல்லா அடிங்க" என்றாள்.

இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. எனக்கும் பேச எதுவும் இல்லை. குளிர் அறையில் லேபிள் சுரண்டிக்கொண்டிருந்தேன். விரல் மரத்துப்போகும், யோசிக்க வசதியான இடம். இருபத்தாறு வருடமாக ஒரு கட்டிக்காகக் காத்திருந்தேன். அது வரப்போவதில்லை என்று தெரிந்தபோது சந்தோஷம் வரவில்லை. படிப்பை விட்டதற்கு என்னிடம் இருந்த ஒரே காரணம் போய்விட்டது. எனக்கும் ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்க்கலாமே என்று கமா மேடம் கேட்டார். பார்க்கலாம் என்றேன். "கட்டத்துல என்ன போடுவ?" என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தாள்.

"தூங்கறியா?"

"இல்ல."

"வா. அந்த ரூம்ல இருக்கற டப்பாவையெல்லாம் தூக்கிக் கீழ போடணும். அவருக்கு இடுப்பு வலி. நீயே தூக்கு."

போனேன். மாமாவுக்கு இடுப்பு வலி எதுவும் இல்லை. கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார். தரையிலிருந்து கூரை வரை டப்பாக்கள். ஒவ்வொன்றும் கல் கனம். அக்கா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதை முதலில், எதை அப்புறம் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மாடி. இருபத்திரண்டு தடவை ஏறி இறங்கினேன். அப்பா நடுவில் போன் செய்து, "என்னவாம், என்னவாம்?" என்றார். "உங்க மகன் மூட்டை தூக்கறான்பா, தொந்தரவு பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

நோட்டு ஜன்னல் மேடையில் கிடந்தது. கடைசிப் பக்கம் நிரம்பியிருந்தது. "புது நோட்டு வாங்கணுமா?" என்று கேட்டார் மாமா.

"எதுக்கு?"

"பொறந்தா எண்ண?"

"திட்டு இருந்தா இருந்துட்டுப் போகுது. யாரு எண்ணறது?" என்றாள் அக்கா. "உயரம் வேணா சுவத்துல கோடு போட்டுக்கலாம்."

கடைசி டப்பாக்கள் பச்சைச் சுவரை ஒட்டி இருந்தன. அவற்றை நகர்த்தியதும் அடியில் ஒரு பெயின்ட் டப்பா. மூடி இறுகியிருந்தது. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே எதுவும் ஆடவில்லை. கல்லாகியிருந்தது. அதை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அக்காவைப் பார்த்தேன்.

"அதையும்" என்றாள்.

எடுத்துக்கொண்டு போய்க் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அறை காலி. மூன்று வெள்ளைச் சுவர், ஒரு பச்சைச் சுவர். ஆறு வருடம் வெயில் படாததால் நேற்று அடித்ததுபோல் இருந்தது. மாமா, "இதே கலர்ல மத்த மூணையும் முடிச்சிடவா? கடையில இப்பவும் கிடைக்குது" என்றார்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள்.

"வேண்டாம். இது அதுக்குப் பாத்த கலர்" என்றாள். "இதுக்கு வேற பாரு."

மாமா லிஃப்ட் வேலைக்கு வைத்திருக்கும் டேப்பை இடுப்பிலிருந்து எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நான் சுவரின் மூலையில் பிடித்தேன். அவர் அளந்துகொண்டே மறு மூலைக்குப் போனார்.